காதுக்குள் இரைச்சல்: காரணம் என்ன, பரிசோதனை எப்படி?



சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, முதுகுவலி இவற்றைப் பற்றி நம் வியாபாரிகள் தாராளமாகப் பேசுவார்கள். மண்டியில் லோடு இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் மாத்திரையின் பெயரைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல ஓயாமல் ஒரு சத்தம் கேட்கிறது என்பதை மட்டும் வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. வேறு யாருக்கும் கேட்காத சத்தம் தமக்கு மட்டும் கேட்கிறது என்றால் புத்தி பேதலித்துவிட்டதாக நினைப்பார்களோ என்ற அச்சம்தான் காரணம். இந்த அச்சம் தேவையற்றது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு, வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்கு, அதாவது உலகில் 74 கோடிப் பேருக்கு மேல், இந்த அனுபவம் உண்டு என்கிறது. அவர்களில் 12 கோடிப் பேருக்கு அது கடுமையான தொல்லையாக இருக்கிறது. பாலசமுத்திரம் கடைவீதியில் வரிசையாகப் பத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் ஒருவராவது 'ஆமாம்' என்று சொல்ல வாய்ப்புண்டு.

இது புதிய நோயும் அல்ல. பழைய ஆயுர்வேத நூலான சுச்ருத சம்ஹிதை, காது நோய்கள் 28 என்று வகுத்தபோது இந்த இரைச்சலுக்குக் 'கர்ணநாதம்' என்று தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. மேல்நாட்டில் 1821-ல் பிரெஞ்சு மருத்துவர் இத்தார் இதை இரண்டாகப் பிரித்தார். மருத்துவரும் கேட்கக்கூடிய சத்தம் ஒன்று, நோயாளிக்கு மட்டுமே கேட்கும் சத்தம் மற்றொன்று. முதல் வகை மிக அரிது. காதுக்கு அருகில் ஓடும் இரத்தக் குழாயிலோ, நடுக்காதின் சிறு தசை துடிப்பதிலோ உண்மையாகவே சத்தம் பிறந்து, மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அவருக்கும் கேட்கும். மற்றவர்கள் அனைவரும் இரண்டாம் வகை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

காதின் உட்பகுதியில் நத்தைக் கூடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அளவில் ஒரு பட்டாணி. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான். மனிதருக்கு இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கடையில் இருப்புக் குறைந்தால் கொள்முதல் செய்து நிரப்பலாம். இந்தச் சரக்குக்குக் கொள்முதல் கிடையாது.

செல்கள் குறைந்தால் காது கேட்பது மந்தமாக வேண்டும், சரி. சத்தம் ஏன் கேட்க வேண்டும்? இதுதான் ஆராய்ச்சியாளர்களை வெகுகாலம் திணற வைத்த கேள்வி. வானொலிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். மலை மறைத்து நிலையம் சரியாக விழாத இடத்தில், கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினால் பாட்டு கூடுவதில்லை, 'உஸ்' என்ற இரைச்சல்தான் கூடுகிறது. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்தபோது மூளையும் இதைத்தான் செய்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வரும் செய்தி குறைந்த இடத்தில் மூளை தன் உணர்வைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளில் எப்போதும் இருக்கும் சிறு சலனமே சத்தமாகத் தெரிகிறது. வேறு காரணத்திற்காகச் செவி நரம்பையே வெட்ட நேர்ந்த நோயாளிகள் பலருக்கு அதன்பின்னும் இரைச்சல் நிற்கவில்லை. காது செத்த பின்னும் சத்தம் கேட்கிறது என்றால் அது காதில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

இதை இரண்டு பழைய சோதனைகள் அழகாகக் காட்டுகின்றன. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறையில்லாத 80 பேரை வெளிச்சத்தம் புகாத ஓர் அறையில் சிறிது நேரம் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள்! பிற்காலச் சோதனைகளில் இந்த அளவு இவ்வளவு உயரவில்லை என்றாலும், நல்ல அமைதியில் நல்ல காதுக்கும் ஒரு மெல்லிய சத்தம் கேட்பது இயல்பு என்பது உறுதியாயிற்று. இரவில் கடை சாத்தி வந்து படுத்தபின்தான் இரைச்சல் தெரிகிறது என்று பலர் சொல்வதற்கும் இதுவே விடை. பகலிலும் அது இருந்தது. கடைச் சந்தடி அதை மூடியிருந்தது.

இரண்டாவது, 1988-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்பவரும் கூட்டாளிகளும் எலிகளை வைத்துச் செய்தது. பின்னணியில் ஒரு சத்தம் எப்போதும் ஒலிக்கும். அது நின்றால் சிறு மின் அதிர்ச்சி வரும். ஆகவே அமைதி வந்தால் எலி பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். இப்படிப் பழக்கிய எலிகளுக்கு ஆஸ்பிரின் வகை மருந்தை அதிக அளவில் கொடுத்தார்கள். அதன்பின் சத்தம் நின்றாலும் அவை முன்போல அஞ்சவில்லை, குடித்துக்கொண்டே இருந்தன. அவற்றின் காதில் வேறொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் பொருள். வாய் பேசாத பிராணியிடம் 'உனக்கு இரைச்சல் கேட்கிறதா' என்று கேட்டு விடை வாங்கியது பெரிய சாமர்த்தியம்தான்.

நம் தொழிலில் உள்ள காரணங்கள்

காரணங்களில் முதலிடம் செவித்திறன் குறைவுக்கு. அது வயதாலும் வரும், பெருஞ்சத்தத்தாலும் வரும். வயதைத் தடுக்க முடியாது. சத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்பது காதுக்கு ஆபத்து என்று வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது, வட்டிக் கணக்குத் தெரிந்த நமக்கு எளிதில் விளங்கும். 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது. ஆகவே பொறுக்கும் நேரம் பாதியாகிறது. 85-க்கு 8 மணி நேரம் என்றால் 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி நேரம். 85-க்கும் 94-க்கும் 9 தானே வித்தியாசம் என்று நினைப்பவர் எட்டு மடங்கு ஏமாறுகிறார்.

அளக்கும் கருவி இல்லையே என்றால், ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்ற இடம் 85-ஐத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் இடங்களைப் பாருங்கள். மாவு மில், மிளகாய் அரைக்கும் மில், ரைஸ் மில், மின்சாரம் போனால் கடை வாசலிலேயே ஓடும் டீசல் ஜெனரேட்டர், ஏர் ஹாரன் அடிக்கும் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் பழனி சுற்றுவட்டாரத்தில் வியாபாரம் நடப்பதே ஒலிபெருக்கிக்கு அடியில்தான். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதி புத்தகத்தில் இருக்கிறது, ஒலிபெருக்கி கம்பத்தில் இருக்கிறது.

திருவிழா முடிந்த இரவில் காது 'ஙொய்' என்று இரைவதும், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடுவதும் பலர் கண்டதே. சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். 2009-ல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளில் கண்டது இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. பெருஞ்சத்தத்திற்குப் பின் கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளிலும், மயிரிழைச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளில் பெரும் பகுதி நிரந்தரமாக அறுந்திருந்தது. சாதாரணப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தும் சிலருக்கு இரைச்சல் இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறார்கள்.

சத்தத்தால் வரும் செவிக்குறைவில் முதலில் போவது உச்சஸ்தாயி. அதனால் குரல் கேட்கும், சொல் விளங்காது. தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும்போது 'பத்தா, எட்டா' என்று இரண்டாம் முறை கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். சரக்கு மாறிப் போய்த் திரும்பி வரும்போது பையனைத் திட்டுவதற்குமுன் நம் காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

காது அழுக்கு இறுகி அடைத்தாலும் இரைச்சல் வரும். இது மிக எளிதில் தீரும் காரணம். ஆனால் நாமாகவே அதைக் கெடுத்துக்கொள்கிறோம். கல்லாவில் உட்கார்ந்தபடி சாவி, ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு எது கையில் கிடைத்தாலும் காதுக்குள் விடுவது நம்மவர் பழக்கம். பஞ்சு சுற்றிய குச்சியும் அழுக்கை உள்ளேதான் தள்ளும். சவ்வில் ஓட்டை இருப்பது தெரியாமல் காய்ச்சிய எண்ணெய் விடுவது இதைவிட மோசம்.

மருந்துகளும் காரணமாகும். அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் போன்ற சில ஊசிகள், காசநோய்க்கு முன்பு பரவலாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், நீர் பிரிய வைக்கும் சில மருந்துகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைத் தாக்கக்கூடியவை. இதைப் படித்துவிட்டு இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறிய ஆஸ்பிரின் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அந்த அளவில் இரைச்சல் வருவது வழக்கமில்லை. நிறுத்தினால் வரும் ஆபத்து பெரிது.

மலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்று உண்டு. பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சரக்கு வண்டி ஏறும்போது 2,100 மீட்டர் உயரத்திற்குச் சில மணி நேரத்தில் போய்விடுகிறோம். மேலே காற்றழுத்தம் குறைவு. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும்வரை காது அடைத்து, சிலருக்கு இரைச்சலும் கேட்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால், மிட்டாய் சப்பினால் திறந்துகொள்ளும். இறங்கும்போதுதான் அடைப்பு அதிகம். கடும் சளி பிடித்த நாளில் மலைப் பயணத்தைத் தள்ளிவைப்பது உத்தமம். ஓரிரு நாளில் விடாத அடைப்பைக் காட்டவேண்டும்.

காத்திருக்கக் கூடாத இரைச்சல்

மேலே சொன்னவை பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் சில வகை இரைச்சலை அப்படி விடக்கூடாது.

திடீரென்று, காலையில் எழுந்தபோதோ வியாபாரத்தின் நடுவிலோ, ஒரு காது சட்டென்று மந்தமாகி இரைச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். இதற்கான ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்திற்குள், எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு பலன். 'சளி அடைப்பு, தானாகச் சரியாகும்' என்று ஒரு மாதம் கழித்துப் போகிறவர்களே அதிகம். சீசன் முடியட்டும், சரக்கு இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்தக் காது திரும்பாமலே போகலாம். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், குறிப்பாக அந்தக் காது மற்றதைவிட மந்தமாக இருந்தால், செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கட்டி இருப்பது அரிது, அதுவும் பெரும்பாலும் மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். நாடித் துடிப்போடு சேர்ந்து 'துப் துப்' என்று கேட்கும் இரைச்சல் இரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு, இரத்தக் கொதிப்பு இவற்றிலும் அப்படிக் கேட்பதுண்டு. தலை சுற்றலும், காது அடைப்பும், மந்தமும், இரைச்சலும் விட்டுவிட்டுச் சேர்ந்து வந்தால் அது 1861-ல் மெனியே என்ற மருத்துவர் விவரித்த உட்காது நோயாக இருக்கலாம். முகம் கோணுதல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் சேர்ந்தால் கேள்வியே இல்லை, உடனே மருத்துவமனை.

பரிசோதனை எப்படி நடக்கும்?

பெரிய பரிசோதனை என்று பயந்து போகாதவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் முதல் பாதி வெறும் கேள்விகள்தான். ஒரு காதா இரண்டுமா? எப்போதிலிருந்து? ஓயாமலா, விட்டுவிட்டா? நாடியோடு சேர்ந்தா? என்ன தொழில், எத்தனை ஆண்டு? என்னென்ன மருந்து? தூக்கம் எப்படி? நல்ல மருத்துவர் இதற்கு நேரம் கொடுப்பார். நாமும் கடைச் சிட்டைபோல ஒரு தாளில் இவற்றை எழுதி, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போனால் வேலை பாதி முடிந்தது.

பிறகு விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார்கள். அழுக்கு, சீழ், சவ்வு ஓட்டை அங்கேயே தெரிந்துவிடும். இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதின் பின் எலும்பிலும் வைத்துக் கேட்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வந்த இந்தச் சோதனை ஒரு நிமிடத்தில் முடியும். குறை வெளிப்பக்கமா, நரம்புப் பக்கமா என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடும். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். துடிப்பு இரைச்சல் என்றால் கழுத்திலும் காதைச் சுற்றியும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார்கள். தாடை மூட்டையும் அழுத்திப் பார்ப்பதுண்டு. பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு அங்கிருந்தும் தொல்லை கிளம்பும்.

அடுத்தது முக்கியமானது, ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடம். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. சத்தத்தால் கெட்ட காதின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மாவு மில் முதலாளியின் தொழிலை அந்தப் பள்ளமே சொல்லிவிடும். நடுக்காதின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும் கூடவே செய்வார்கள்.

சில இடங்களில் இரைச்சலையே அளப்பார்கள். ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, 'இதுவா உங்கள் சத்தம்?' என்று பொருத்திப் பார்ப்பது. ஃபவுலர் என்ற அமெரிக்க மருத்துவர் 1940-களில் இதைச் செய்து ஓர் அதிசயத்தைக் கண்டார். 'ரயில் இன்ஜின்போல் இரைகிறது' என்று சொன்னவர்களின் சத்தமும் அளந்து பார்த்தால், பெரும்பாலும் அவர்களுக்கு வெறுமனே கேட்கும் எல்லையிலிருந்து 5, 10 டெசிபல் மேலேதான் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தத்தின் அளவு வேறு, அது தரும் துன்பத்தின் அளவு வேறு. பயமும் தூக்கமின்மையும் சேரும்போது மூளை அந்தச் சத்தத்தை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அதையே காவல் காக்கத் தொடங்குகிறது. ஆகவே துன்பத்தைத் தனியாக அளக்க 1996-ல் 25 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. 'ஆம்' என்றால் 4, 'சில சமயம்' என்றால் 2, 'இல்லை' என்றால் 0. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டுமா? வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு காது இரைச்சல், துடிப்பு இரைச்சல், இரு காதுக்கும் கேட்பதில் வித்தியாசம், நரம்புக் கோளாறின் அறிகுறி, இவற்றில் ஒன்று இருந்தால்தான் ஸ்கேன். இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரையும் 60 வயதுக்காரருக்கு எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. எழுதினால், 'எதற்காக?' என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பில் போட்டுத் தரும் நமக்குப் பில்லைக் கேட்கவும் தெரியவேண்டும்.

மருந்து உண்டா?

இரைச்சலை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. மேற்படி வழிகாட்டி ஜின்கோ இலைச் சாறு, துத்தநாக மாத்திரை, வைட்டமின் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. 'ஒரே மண்டலத்தில் குணம்' என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் வாங்குபவரிடம் ஏமாறவேண்டாம். சரக்கின் தரம் பார்க்காமல் ஒரு மூட்டை வாங்காத நாம் இதில் மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

ஆனால் 'ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்' என்று சொல்வதும் சரியல்ல. அழுக்கை எடுத்தால் போய்விடுபவர் உண்டு. செவிக்குறைவு உள்ளவருக்குக் காது கேட்கும் கருவி பொருத்தினால் வெளிச்சத்தம் போதுமான அளவு உள்ளே போகிறது, மூளை எட்டிப்பிடிக்க வேண்டியதில்லை, இரைச்சல் அடங்குகிறது. இரவில் மின்விசிறியோ மெல்லிய பாட்டோ ஓடட்டும், முழு அமைதியில் படுக்கவேண்டாம். மனம் மிகவும் கலங்கியவர்களுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பயிற்றும் மனச் சிகிச்சை நல்ல பலன் தருவது ஆய்வுகளில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. அது சத்தத்தை அழிப்பதில்லை, துன்பத்தைக் குறைக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் போனவர் ஒரு நாளும் தாமதிக்காமல் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லவேண்டும்.

முதலில் பழனி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேற்கொண்டு வேண்டுமானால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றுக்குப் போகலாம். போகுமுன் ஆடியோகிராம் எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டால் ஒரு நாள் வியாபாரம் மிச்சம்.

மில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பஞ்சைத் திரித்துக் காதில் வைப்பது போதாது, அது சத்தத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மருந்துக் கடையிலும் பாதுகாப்புச் சாதனக் கடையிலும் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டிச் சன்னமாக்கி, காது மடலை மேல்பின்னாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக வைத்தால் நம் குரலே நமக்குக் கனத்துக் கேட்கும். உங்களுக்கு ஒரு ஜோடி வாங்கும்போது மாவு அரைக்கும் பையனுக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். நாள் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். வருடத்திற்கு ஒருமுறை நீங்கள் காது பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிச்சென்று ஒரு வரைபடம் எடுத்து, தேதி போட்டுக் கடைக் கோப்பில் வையுங்கள். அடுத்த வருட வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பள்ளம் விழத் தொடங்கியிருக்கிறதா என்பது தெரியும்.